அப்பா பார்த்த முகம்

சர்க்கரை நோயால் அப்பாவுக்குப் பார்வை போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் வெம்பக்கோட்டை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஏத்தா, இப்பெல்லாம் ஒம் மொகம் வரமாட்டேங்குது. கொரலு மட்டுந்தான் இருக்கு" என்றார். பார்த்ததை மூளை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஊரார் தலையையெல்லாம் ஸ்கேன் செய்கிறவளுக்கு அதுவரை அப்பாவின் தலை ஞாபகம் வரவில்லை.

என் பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, அப்பாவைப் பெங்களூரில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். ஸ்கேன் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் துழாவினார். "தகட்டை எங்கன வச்சிருக்காக?" என்றார். அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். வேலையை விட்டு இத்தனை காலமாகியும் கை அதைத் தேடியது.

"இங்கன வெடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லப்பா."

அவர் நம்புகிற ஆள் இல்லை. கதவின் கைப்பிடியையாவது தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஸ்கேனுக்குள் படுத்துக்கொண்டு, நான் மைக்கில் சொல்வதை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். முதலில் நிறங்கள், கடைசியில் என் முகம். ஸ்கேன் படங்களைக் கணக்குப் போட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. கண்ணிலிருந்து ஒரு சேதியும் வராத மூளையின் பின்பகுதி, நினை என்றதும் வேலை செய்திருந்தது. பாடத்தில் படித்த விஷயம்தான். ஆனாலும் அப்பாவின் தலைக்குள் அதைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஒன்றுதான் உதைத்தது. என் முகத்தை நினைக்கச் சொன்ன நேரத்திலும் நிறத்துக்கான இடம் மும்முரமாக இருந்தது. நான்தான் எங்கோ சொதப்பிவிட்டேன் என்று மறுபடி மறுபடி சரிபார்த்தேன். தப்பு எதுவும் அகப்படவில்லை. அவருக்கு என் முகம் வந்ததா என்பதை மட்டும் அந்தப் படங்கள் சொல்லவில்லை.

ஊருக்குப் போனதும் அவரிடமே கேட்டேன். "எம் மொகத்தை நெனைக்கச் சொன்னேன்ல, அப்ப என்ன பண்ணீக?"

"சும்மா நெனைச்சா வரலத்தா. ஒரே இருட்டு. அதான் ஒங்கையில கம்பி மத்தாப்பைக் குடுத்துப் பத்த வச்சேன். நல்ல பச்சை வெளிச்சம். பல்லைக் காட்டிக்கிட்டு நின்னே."

நான் அந்தப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"மிஷின்ல அது விழுந்துச்சா?" என்றார்.

"விழுந்துச்சுப்பா. அந்தப் பச்சையும் சேர்ந்து விழுந்திருக்கு."