வண்ணாத்தி மீனுக்கு வைத்த மட்டி

என் புருசன் கத்தாருக்குப் போனபோது என்னிடம் விட்டுப்போனது ஒரு கண்ணாடித் தொட்டியும், அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் மீனும்தான். வண்ணாத்திப்பூச்சி மாதிரி இருப்பதால் வண்ணாத்தி மீன் என்பார்கள். கடலில் மூழ்கி அழகு மீன் பிடித்துக் கொழும்புக்கு அனுப்புவது அவருடைய தொழில். சண்டை மூண்டு, பாதையும் மூடி, கடலுக்கும் தடை வந்தபிறகு அனுப்ப வழியில்லாமல் எஞ்சியது அது ஒன்று.

"இதச் சாகவிட்டுராத புள்ள. நான் வந்தோண்ண ரெண்டு பேருமாக் கொண்டுபோய்க் கடலில விடுவம்" என்றார். அந்த "ரெண்டு பேருமா"வைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருடம் இருந்தேன்.

மீனுக்கு இருந்த எடுப்பைச் சொல்ல வேண்டும். இறாலை உரித்துப் பொடியாக அரிந்து போட்டால் திரும்பியும் பார்க்காது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் போட்டேன், தண்ணீர்தான் கலங்கியது. நான்கு நாள் பட்டினி. "கிடந்து சா" என்று ஏசிவிட்டு, பிறகு பயந்துபோய்த் தொட்டிக்கு முன்னால் இருந்து அழுதேன். அழும்போதுதான் கண்டேன், அது கல்லிடுக்குகளைக் கொத்திக்கொண்டிருந்தது. மிதந்து வருவதை அது தின்னாது, ஒட்டியிருப்பதைக் கொத்தித்தான் தின்னும். ஒரு மட்டியைப் பிளந்து, சதையை ஓட்டோடு கல்லில் சாய்த்து வைத்தேன். சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஒரு கொத்து. சத்தியமாக, என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோசப்படவில்லை.

அவருடைய கடிதம் வர இரண்டு மாதமாகும். எனக்கு "சுகமா" என்று ஒரு வரி, மீனுக்கு ஒரு பக்கம். மிச்ச மட்டியை உடனே எடுத்துவிடு, கிழமைக்கொருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்று, ஊற்ற முன்னம் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "நான் நல்லாச் சாப்பிட்டு நல்லா இருக்கிறன்." கரண்ட் இல்லாத காலம். கோப்பையால் தண்ணீரை அள்ளி, உயர்த்தி ஊற்றி ஊற்றிக் காற்றுக் கொடுத்தது நான். விசாரிப்பெல்லாம் மீனுக்கு. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆமி கடற்கரைக்கு விடாத நாட்களில், கடலோடு சேர்ந்து கிடக்கும் வாவியில் தண்ணீர் அள்ளி வருவேன். நான் உன்னிச்சைக்காரி, குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவள். எனக்கு வாவி என்றால் எப்போதும் உப்புத்தான். இரண்டாம் வருட மாரியில் ஒரு கிழமை விடாமல் மழை. கடிதமும் வரவில்லை. அந்த எரிச்சலில், நாக்கில் வைத்துப் பார்க்காமல், பாதித் தொட்டிக்கு மேல் புதுத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். வாவி கடலில் சேரும் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்ததும், வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கி உப்பே இல்லாமல் போனதும் பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். விடிந்தபோது மீன் சரிந்து கிடந்தது.

தென்னையடியில் புதைத்தேன். அதை அவருக்கு எழுதக் கை வரவில்லை. எழுதினால் அவர் வராமலே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பைத்தியக்கார நினைப்புத்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். "மீன் நல்லாச் சாப்பிடுது" என்று எழுதினேன். ஒரு வருடம் முழுக்க அதையே எழுதினேன்.

ஒருநாள் மத்தியானம் வந்து நின்றார். முதலில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. பையை வைத்துவிட்டு நேரே தொட்டியடிக்குப் போனார். வற்றிய தொட்டிக்குள் கற்களும், நான் கழுவி அடுக்கிய மட்டி ஓடுகளும் இருந்தன.

"நல்லாச் சாப்பிடுது எண்டு எழுதினியே புள்ள?"

நான் அவருடைய கையைப் பிடித்தேன். எலும்புதான் தட்டுப்பட்டது.

"நீங்களும் அப்பிடித்தானே எழுதினீங்க."

அவரை இருத்தி, சோறு போட்டேன். இரண்டு வாய்தான் இறங்கியது. மிச்சமும் இறங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.