தபாலில் போடாத பாஸ்போர்ட்

இது நடந்த கதை. லண்டன் மனோர் பார்க் குலசேகரம் வாய் திறந்தால் முக்கால்வாசி புளுகுதான். ஆனால் தன் மானம் கப்பலேறும்படி எந்தப் புளுகனும் புளுகமாட்டான். அதனால்தான் இதை நம்புகிறேன். நீங்களும் நம்பலாம்.

கோயில் மண்டபமோ, பிறந்தநாள் விழாவோ, குலசேகரம் வந்துவிட்டால் ஐரோப்பாவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த ஊர் மியூசியத்தில் எந்த ஓவியம், எந்தத் திருவிழாவுக்கு எந்த ரயில்... கடைசியில், "நான் எண்பத்தெட்டிலை ஸ்டுடண்ட் விசாவிலை பிளேனிலை வந்திறங்கின ஆள். உங்களைப்போலை லொறிக்குள்ளை ஒளிச்சு வரேல்லை" என்று முடிப்பார். லொறியில் வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வடை தின்பார்கள்.

2005 செப்டம்பர், முதல் சனிக்கிழமை. பிரான்சின் லீல் நகரில் தெருச்சந்தைத் திருவிழா. அவரும் மனைவி தவநாயகியும் வாட்டர்லூவில் ரயிலேறினார்கள். நாலு பேர் இருக்கும் மேசை. எதிர் இருக்கைகள் காலி.

பத்து பன்னிரண்டுக்கு ரயில் கடலடிச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. தவநாயகி தேநீர் வாங்கப் போனார்.

சளக்... சளக்...

ஈரச் சப்பாத்துச் சத்தம். எதிரே ஒருவன் வந்து உட்கார்ந்தான். நம்மாள். இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல வெயில் நாளில் தடித்த குளிர்கோட்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

குலசேகரத்துக்கு எரிச்சல். "தம்பி, இது புக் பண்ணின சீற். டிக்கெற் இருக்கோ?"



சொட்... சொட்...

"ஐசே, கேக்கிறது விளங்கேல்லையோ? ஆர் நீர்?"

"பாஸ்போர்ட்டைத் தா."

"என்ன?"

"ஒரு கிழமையிலை தபாலிலை போடுறன் எண்டு சொன்னனீ."

மணி பத்து பதினாறு. அப்போதுதான் முகம் தெரிந்தது.

ஜம்புநாதன்.

எண்பத்தெட்டில் குலசேகரம் வந்தது பிளேனிலும் அல்ல, ஸ்டுடண்ட் விசாவிலும் அல்ல. லீலில் இருந்த ஜம்புநாதனின் பாஸ்போர்ட்டில், கப்பலில். வெள்ளைக்கார அதிகாரிக்கு நம் எல்லாருக்கும் ஒரே முகம். கரை சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்புவது அந்நாளைய வழக்கம். அந்த ஒரு நம்பிக்கையில்தான் முன்பின் தெரியாதவனுக்கும் கொடுத்தார்கள். குலசேகரம் அனுப்பவில்லை. கையில் வைத்திருந்தால் பிரான்சுக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து வழியிலேயே ஒழித்துக்கட்டினார். ஒரு கடிதம்? அதுவும் இல்லை.

பதினேழு வருடம். அவனுக்கு வயதே ஏறவில்லை...

"அம்மாவுக்கு நோய் கடுமையாம். ஊருக்குப் போகவேணும். தா."

விளக்கு அணைந்து எரிந்தது.

முகம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தது.

"தா!"

"கிழிச்சுப் போட்டன்! கப்பல் கக்கூசுக்குள்ளை கிழிச்சுப் போட்டன்! விடடா என்னை!"

வெளிச்சம்.

பத்து முப்பத்திரண்டு. எதிர் இருக்கை காலி. ஆனால் நனைந்திருந்தது. பெட்டி முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. தேநீரோடு தவநாயகி நின்றார்.

"ஆற்றை பாஸ்போர்ட்டைக் கிழிச்சனீங்கள்?"

பதின்மூன்று வருடக் குடித்தனத்தில் முதல் முறையாகக் குலசேகரம் உண்மை சொன்னார்.

"மியூசியமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்" என்றார் தவநாயகி. "அந்தப் பொடியனுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டு அறியாமல் நான் லண்டன் திரும்பமாட்டன்."

லீலில் ஊரே தெருவில் மட்டி தின்றுகொண்டிருந்தது. ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் ஞானரட்ணம் என்பவர் நின்றார்.

"ஜம்புவோ? அவன் எண்பத்தொன்பதிலையே போயிட்டான், அக்கா. தாய்க்குக் கடுமை எண்டு தந்தி வந்தது. பாஸ்போர்ட்டைக் கொண்டுபோனவனைப் பிடிக்கிறன் எண்டு கள்ளமா லண்டன் கப்பலிலை தொத்தினவன். கடல்தான் கலே கரையிலை ஒதுக்கினது."

"எங்கை புதைச்சவை?"

"கலேயிலைதான். ஆனா அவன்ரை பேரிலை தேடாதேங்கோ. கோட்டுக்குள்ளை இருந்தது மற்றவன் பாஸ்போர்ட்டுக்கு ஈடாக விட்டுட்டுப் போன தன்ரை அடையாள அட்டை. பொலிஸ் அந்தப் பேரையே எழுதிப்போட்டுது. விசா இல்லாத நாங்கள் ஆர் போய்த் திருத்துறது?"

கலேக்கு ரயிலேறினார்கள். மாலை மூன்று நாற்பதுக்குக் கல்லைக் கண்டார்கள்.

செல்லையா குலசேகரம். பிறப்பு 1961, நவாலி. இறப்பு 1989.

தவநாயகி அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு திரும்பினார்.

"அப்ப தொண்ணூற்றிரண்டிலை என்ரை கழுத்திலை தாலி கட்டினது ஆர்?"