புளியில் ஊறிய பவளம்

மலேசியாவின் போர்ட்டிக்சன் கடலில் பவளப் பாறையைத் துளைத்தெடுத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. மரத்தின் வளையம் போலப் பவளத்தின் எலும்புக்கூட்டிலும் வருடத்துக்கு ஒரு பட்டை விழும். கடல் சூடான வருடத்தில் அதில் ஸ்ட்ரான்சியம் குறையும். மலையை வெட்டிய மண் லிங்கி ஆற்றோடு கடலுக்குப் போன வருடத்தில் பேரியம் ஏறும். கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்கள். பவளத்திடம் அது செல்லாது. கரைந்ததையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பவளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டு, தாமான் எனப்படும் புதுக் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் வெள்ளிக்கிழமை மாறவில்லை. குத்துவிளக்கைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாக வேண்டும். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், தொட்டியில் விளக்கோடு என் கல்லும் கிடந்தது, அழுக்கேறிய ஓரம் தண்ணீருக்குள்.

"ஏம்மா, இத யாரு புளியில போடச் சொன்னா?"

"மஞ்சளா அழுக்கா இருந்துச்சுலா. கடல்ல கெடந்த கல்லுதானே, என்னா ஆயிடப் போவுது?"

ஆகத்தான் செய்தது. பவளம் சுண்ணாம்பு; புளிப்புப் பட்டால் கரையும். போதாததற்குப் பித்தளையிலிருந்து செம்பும் ஏறியிருக்கும். நார் பட்ட ஓரம் மாவாக உதிர்ந்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓரம்தான் கடைசியாக வளர்ந்தது, எனக்கு வேண்டியதே அதுதான் என்று கத்தினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "கடைசினா எந்த வருஷம்?"

சொன்னேன்.

"உங்கப்பா தவறிப்போன வருஷமா?"

அந்த வருடம்தான் எங்கள் பழைய தோட்டத்து மலையை இன்னொரு தாமானுக்காக வெட்டினார்கள். அப்பா மண் லோரி ஓட்டினார். வேலை முடியுமுன்பே போய்விட்டார். அவர் ஏற்றிய மண்ணும் மழையில் ஆற்றில் இறங்கி அந்தப் பட்டைக்கு வந்திருக்கும். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அவர் தொட்டிக்குள் கையை விட்டு, அடியில் படிந்த மாவைத் துழாவினார். "நானே தேச்சு எடுத்துட்டேனா..."

கோபம் போன இடம் தெரியவில்லை, பாவமாக இருந்தது. அந்தப் பவளம் கடலில் உயிரோடுதான் இருக்கிறது, இன்னொரு துண்டு எடுக்கலாம் என்றேன்.

"அதுலயும் அந்த வருஷம் இருக்குமா?"

"இருக்கும்மா."

"அப்பச் சரிலா. கடல்ல யாரு புளி கரைச்சு ஊத்தப் போறா?"

கடல் நீரும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமேறிக்கொண்டுதான் வருகிறது. விளக்கை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.