வயிற்று வலி என்று சொல்லிச் சேர்த்தார்கள்

என் தங்கை ஜெயா என் கழுத்தை நெரித்த இடத்தில் நகத்தழும்பு இன்னும் இருக்கிறது. அதோடுதான் சாட்சி சொல்ல உங்கள் முன் நிற்கிறேன்.

திருச்சுழிப் பக்கம் வாக்கப்பட்டவள் அவள். இரண்டாவது பிள்ளை செத்துப் பிறந்தபின், புருஷன் வாங்கி வைக்கும் பாட்டிலிலிருந்தே குடிக்கத் தொடங்கினாள். தெரிந்ததும் பெல்ட்டால் அடித்தார். அந்த வலிக்கும் குடித்தாள். போன சித்திரையில் ரத்தமாக வாந்தி எடுத்தாள். அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சீட்டுப் போடும் இடத்தில் மாப்பிள்ளை, "வயித்து வலி" என்றார். என் பக்கம் திரும்பி, "மதினி, குடின்னு வாயத் தொறந்தீக, உங்க தங்கச்சிய பொணமாத்தான் தூக்கிட்டுப் போவீக" என்றார்.

ஆண் ஒருவன் போனால் ஆயாகூட, "எம்புட்டுக் குடிச்ச?" என்று கேட்டுவிடுவார். பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. கேட்பதே அசிங்கம் என்று நினைக்கிறார்கள்.

வார்டில் இரண்டு நாள் சரக்கு இல்லாமல் கிடந்ததில் அவள் கை நடுங்கியது. சுவரில் பாம்பு ஏறுகிறது என்று அலறினாள். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். கட்டிலெல்லாம் ரத்தம். பிடிக்கப் போன என் கழுத்தை நெரித்தாள். மாப்பிள்ளை அவள் முடியைப் பிடித்துத் தலையைக் கட்டில் கம்பியில் மோதினார். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் பக்கத்துக் கட்டிலில். சேலையால் கட்டிப்போட்டார்கள். வலிப்பு வந்து நுரை தள்ளியது. நான் தரையில் விழுந்து, "ஆண்டவரே, எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. யாரையாவது கேட்க வையும்" என்று கதறினேன்.

சத்தம் கேட்டு ஆண்கள் வார்டிலிருந்து ஒரு ஆண் நர்ஸ் ஓடி வந்தார். அவளைப் பார்த்ததுமே, "இவுக குடிப்பாகளா?" என்றார்.

எங்கள் வார்டு நர்ஸம்மா சீறினார். "என்னண்ணே, பொம்பளப் பிள்ளயப் போயி இப்படிக் கேக்குறீக!"

"எங்க வார்டுல தெனமும் பாக்குறேன் சிஸ்டர். குடிச்சவுக திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் வரும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "குடிப்பா" என்றேன். மாப்பிள்ளை விட்ட அறையில் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, வார்டே கேட்க, "தெனமும் குடிப்பாய்யா!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையை வெளியே தள்ளினார்கள். டாக்டர் வந்து மருந்தை மாற்றினார். சீறிய அதே நர்ஸம்மாதான் ஜெயாவின் தலையைத் தாங்கி வாயைத் துடைத்தார். "நான் கேட்டிருக்கணும்க்கா" என்று அழுதார்.

ஜெயா பிழைத்தாள். இப்போது பாளையம்பட்டியில் என்னோடு இருக்கிறாள். நடுவில் ஒருமுறை தவறினாள். மறைக்காமல் வந்து சொன்னாள். குடி என்றே சொல்லித் திரும்பவும் சேர்த்தேன்.

போன வாரம் ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, "வயித்து வலிக்கு ஜெபிங்க" என்றார். முக்காட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. ஜெயா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் ஏதோ கேட்டாள். அவர் அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார்.

சகோதரிகளே, என் ஆண்டவர் கேட்பதற்கு ஒருவரை அனுப்புவார். அவரை நம்பி உண்மையைச் சொல்லிவிடுங்கள்.