மூன்றாந்தரச் சான்று

சரசா இதுவரை எத்தனை தொப்பைகளைக் கரைத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் அவள்தான் டிசைனர். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எது வந்தாலும் முகத்துக்கு வெளுப்பு ஏற்றி, முடிக்குக் கறுப்பு ஏற்றி, பின்னால் ஒரு சிங்கத்தை நிறுத்தி, 'வாழ்த்த வயதில்லை வணங்குகிறோம்' என்று போட்டு அனுப்புவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே பிழைப்பு. அவள் செய்த எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக எதிர்க்கட்சிக்காரன் கிழிப்பான், இல்லாவிட்டால் மாநகராட்சி வண்டி அள்ளிப் போகும். தப்பித்தது கோழிக்கடைக்குக் கூரையாகும். தன் கைவேலையெல்லாம் இறகும் ரத்தமும் தெறித்துத் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் தினமும் வீட்டுக்குப் போவாள்.

வேலை இல்லாத மத்தியானங்களில் இணையக் கலைக்களஞ்சியத்தில் போய் ஒற்றுப்பிழை திருத்துவது அவள் வழக்கம். யாரும் கேட்கவில்லை, கூலியும் இல்லை. கடையில் 'வாழ்த்துகள்' என்று சரியாகப் போட்டால், "க் வெக்காம இன்னா வாழ்த்து? கெத்தே இல்ல" என்பார்கள். அங்கே அந்தத் தொல்லை இல்லை. திருத்தினால் திருத்தியது அப்படியே நிற்கும். யாரும் வந்து கிழிப்பதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் ஏரிக்கரைக் கோப்பையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அண்ணனூர், நசரத்பேட்டை, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று சுற்றுவட்டாரப் பையன்கள் ஞாயிறுதோறும் ஆடுகிற கால்பந்துப் போட்டி. சாப்பாடு டெலிவரி செய்கிறவன், ரயில் ஷெட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவன், ஏசி மாட்டுகிறவன். அவர்கள் பெயர் இதுவரை அச்சில் வந்தது சரசாவின் ஃப்ளெக்ஸில் மட்டும்தான். இந்த வருடத்து ஆட்டங்களை, யார் யாரோடு ஆடினார்கள், யார் கோல் போட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதிவைத்தாள். வாழ்நாளில் ஒன்றாவது கோழிக்கடைக்குப் போகாமல் இருக்கட்டும் என்பதுதான் அவள் ஆசை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் கட்டுரையின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை ஏறியிருந்தது. ஸ்ரீகாந்த் என்ற கலைக்களஞ்சிய நிர்வாகி கீழே எழுதியிருந்தார்: 'தொழில்முறை அல்லாத வட்டாரப் போட்டியின் ஒரு பருவத்துக்குத் தனிக் கட்டுரை தேவையா? குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை. மூன்றாந்தரப்புச் சான்று இல்லையேல் நீக்கலாம்.'

அவசரத்தில் சரசா அதை 'மூன்றாந்தரச் சான்று' என்றே படித்தாள். கோப்பையை நடத்துகிற லோகேஷ் அப்போது கடையில்தான் இருந்தான். அவள் சத்தமாகப் படித்ததைக் கேட்டதும் எகிறினான்.

"மூணாந்தரமா? யார்க்கா அவன்? அட்ரஸ் குடு, நாலு பேர இட்டுகினு போய் பாத்துட்டு வரேன்."

மறுபடி பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெளிந்தது. "தரம் இல்லடா, தரப்பு. நாமளும் இல்லாம, ஆடுறவனும் இல்லாம, வெளியாள் ஒருத்தன் எழுதியிருக்கணும். பேப்பர்ல வந்தா போதும்."

"அவ்ளோதானே? பார்த்தசாரதி சார் கீறாரே."

பார்த்தசாரதி ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். டீக்கடையில் பிடித்தார்கள். பஜ்ஜியின் எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் பிழிந்துகொண்டே அவர் சொன்னார்: "ஃபுட்பால்னா எடம் கிடைக்காதும்மா. கப்பு குடுக்குறது யாரு? அத சொல்லு. ஆளு இருந்தா நியூஸு."

ஆளைப் பிடித்தார்கள். அண்ணனூரில் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் ஹேமநாதன். 'வட்டம்' என்றால்தான் ஊரில் தெரியும். அவருடைய கரைவேட்டி எத்தனை முறை சுருங்கியிருந்தாலும் சரசா இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறாள், கணினியில்.

இறுதி ஆட்டம் அண்ணனூருக்கும் நெமிலிச்சேரிக்கும். வழக்கம்போல இரண்டு அணிக்கும் 'கோப்பை வென்ற சிங்கங்கள்' என்று தனித்தனி ஃப்ளெக்ஸ் முன்கூட்டியே தயார். ஜெயிக்கிற பக்கத்தை விரிப்பார்கள், தோற்கிற பக்கம் சுருட்டியபடியே கோழிக்கடைக்குப் போகும். வட்டம் வந்தார். கூடவே பட்டாசு, சால்வை, தூக்குச் சட்டி பிரியாணி. அவருடைய ஆட்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து எலும்பை மைதானத்துக்குள்ளேயே துப்பினார்கள். நெமிலிச்சேரி கோல்கீப்பர் முகமது ஆசிக் விழுந்து பந்தைப் பிடிப்பதா, எலும்பைப் பொறுக்குவதா என்று தெரியாமல் நின்றான்.

இடைவேளையில் அண்ணனூர் ஒரு கோல் முன்னே இருந்தது. வட்டம் எழுந்தார்.

"நசரத்பேட்டைல ஒரு காதுகுத்து கீது. கப்ப குடுத்துட்டு கெளம்பறேன்."

"அண்ணாத்தே, இன்னும் பாதி ஆட்டம் கீது," என்றான் லோகேஷ்.

"போட்டோக்குத்தான் நைனா. அப்பால புடுங்கி உள்ள வெச்சிக்க."

அண்ணனூர் ஃப்ளெக்ஸை அவருடைய ஆட்களே விரித்துப் பிடித்தார்கள். அண்ணனூர் கேப்டன் நெளிந்துகொண்டே கோப்பையை வாங்கினான். பார்த்தசாரதி படமெடுத்தார். பிறகு வட்டத்தின் காரிலேயே அவரும் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாம் பாதியில் நெமிலிச்சேரி இரண்டு கோல் போட்டது. கடைசியில் வந்த பெனால்டியை ஆசிக் தடுத்தான். கோப்பையை எடுத்துக் கொடுக்க ஒரு பெரிய மனிதரும் இல்லை. அண்ணனூர் கேப்டனே கொண்டுவந்து ஆசிக்கிடம் நீட்டினான். "இந்தா மாமே, உன்து. கொஞ்ச நேரம் வெச்சிகினு இருந்தேன், மன்னிச்சிக்க."

மறுநாள் பேப்பரில் வந்தது. 'கால்பந்துக் கோப்பையை வழங்கினார் ஹேமநாதன்.' பாதிச் செய்தி அவர் தூர்வாரிய கால்வாயைப் பற்றி. கடைசி வரியில் அண்ணனூர் அணி வென்றது. இணையத்தில் அதைப் பார்த்த ஸ்ரீகாந்த் சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டார். 'மூன்றாந்தரப்புச் சான்று கிடைத்துள்ளது, கட்டுரை இருக்கலாம்' என்று எழுதி, செய்தியில் உள்ளபடி வெற்றியாளர் இடத்தில் அண்ணனூரைச் சேர்த்தார். சரசா நெமிலிச்சேரி என்று மாற்றினாள். அவர் மரியாதையாகத் திரும்ப மாற்றினார்: 'நேரில் கண்டது சான்றாகாது.'

பார்த்தசாரதிக்குப் போன் போட்டாள். "திருத்தமா? வட்டம் கோச்சிப்பாரும்மா. பசங்க ஆடுற கப்புக்கு இவ்ளோவா?"

சாயங்காலம் ஆசிக் கடைக்கு வந்தான். டெலிவரி பையைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாக்கா, நாங்க தோத்துட்டமாமே? எங்கம்மா கேக்குது, அப்ப ஊட்ல கீற கப்பு யாருது, திருடிகினு வந்தியான்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சரசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிழிக்கப்படாத, வெயிலில் வெளுக்காத, என்றைக்கும் நிற்கப்போகிற ஒரு பொய்யைத் தானே அடித்து, ஆணியும் அடித்து மாட்டியிருக்கிறோம் என்று தோன்றியது. கோழிக்கடைக் கூரையின் நாற்றம் மூக்கில் ஏறியது. அதுவாவது ஒருநாள் நைந்து கிழியும்.

அவளுடைய திரையில் வட்டத்தின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் பாதியில் நின்றது. அந்தப் பேப்பர் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார்கள். அதை மூடிவிட்டுக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தைத் திறந்தாள். 'இந்தக் கட்டுரையைத் தொடங்கியவள் நான். இதற்குக் கிடைத்திருப்பது மூன்றாந்தரச் சான்று. நீக்கிவிடுங்கள்.'

சற்று நேரத்தில் ஸ்ரீகாந்தின் பதில் வந்தது. 'ஒரு சிறு பிழை. மூன்றாந்தரப்பு என்றிருக்க வேண்டும்.'

சரசா தட்டினாள்: 'பிழை இல்லை.'