விழத் தெரிந்தவர்

ஒரு மனிதனை இன்னொருவன் தலைக்கு மேலே தூக்கிக் கீழே போடுவதைப் பார்த்துக் கை தட்டியவர்களில் ஒருவராவது, தூக்கப்பட்டவன் என்ன செய்தான் என்று பார்த்திருப்பாரா? பார்த்திருக்க மாட்டார். பழனியில் பார்க்கவில்லை, வத்தலக்குண்டில் பார்க்கவில்லை. சீசனுக்குக் கொடைக்கானல் வந்து, கம்பளிக்குல்லா மாட்டிக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்த பெரிய மனிதர்களும் பார்க்கவில்லை. டிக்கெட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு, கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

நான் பார்த்தேன். எனக்கு வேறு வழியில்லை. குஸ்தி கம்பெனியில் கோதாவுக்குக் கயிறு கட்டுவதும், பலகை அடுக்கித் தேங்காய்நார் மெத்தை பரப்பி அதன் மேல் கான்வாஸை இழுத்துக் கட்டுவதும் என் வேலை. முடிச்சு அவிழ்ந்துவிடுமோ, மூலைக்கம்பம் சாய்ந்துவிடுமோ, பலகை விலகி எவன் காலாவது உள்ளே போய்விடுமோ என்று ஆட்டம் முடிகிறவரைக்கும் எனக்கு ஒரே கவலையாக இருக்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கணக்கு வாத்தியார் என் பக்கம் திரும்புவதற்கு முன்பே எனக்கு வியர்த்துவிடும். எட்டாம் வகுப்போடு அந்தத் தொல்லையை விட்டேன். கல்யாணமான பிறகு பழனி அடிவாரத்துக் கடைகளில் கொஞ்ச நாள் நின்று பார்த்தேன். கல்லாவில் காசு குறைந்துவிடுமோ என்ற பயத்திலேயே அதுவும் போயிற்று. கடைசியில் இந்தக் கம்பெனி. வேடிக்கை பார்க்க வந்தவன் நிற்கிறவனைப் பார்ப்பான். மெத்தைக்குப் பொறுப்பானவன் விழுகிறவனைத்தான் பார்க்க முடியும்.

நிற்கிறவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் அவரைச் சிங்கம் என்று போட்டிருப்பார்கள். அகலமான நெஞ்சு, அதைவிட அகலமான மீசை. தொடையைத் தட்டுவார், மீசையை முறுக்குவார், இடுப்பில் கை வைத்து நிற்பார். வித்தை அவ்வளவுதான். ஒருநாள் கால் தடுக்கி நிஜமாகவே விழுந்துவிட்டு, இடுப்பு போச்சு என்று வாரக்கணக்கில் முனகினார். அவருக்கு முட்டை, பாதாம் பால், முதலாளியின் காரில் முன்சீட்டு.

விழுகிறவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நாற்பது தாண்டியவர். மொட்டைத் தலை, கண்ணைச் சுற்றி மை, கறுப்புக் காலுறை. நோட்டீஸில் கொலைகாரன் என்று போட்டிருக்கும். அந்தக் கொலைகாரர்தான் காலையில் எங்கள் எல்லோருக்கும் உப்புமா கிண்டுவார். அட்டைப்பூச்சியைக் கண்டால் கூப்பாடு போடுவார். ஆனால் கோதாவில் ஏறிவிட்டால் அவரைப்போல விழ ஆள் கிடையாது. மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கும், கை முதலில் மெத்தையில் பட்டுப் படீரென்று சத்தம் எழுப்பும், முதுகு பிறகுதான் மெல்ல வந்து சேரும். சத்தத்தைக் கேட்டுப் பெண்கள் ஐயோ என்பார்கள். சிங்கம் தூக்குகிறாரே, அதுவும் அண்ணன் செய்கிற வேலைதான். சிங்கத்தின் கை இடுப்பில் பட்டதும் இரண்டு காலாலும் பலகையை உந்தி மேலே எழும்பி, சிங்கத்தின் தோளில் தன் கையை ஊன்றித் தானே நிலைநிறுத்திக்கொள்வார். சிங்கம் பந்தக்கால் மாதிரி கீழே நிற்க வேண்டியதுதான். அந்தப் பந்தக்காலுக்குத்தான் மாலை.

இன்னொருவரும் இருந்தார், ஒட்டன்சத்திரத்துக்காரர், ஒல்லி. சிவப்பு முகமூடி போட்டு முதல் ஆட்டத்தில் தோற்பார், கறுப்பு முகமூடி போட்டு அடுத்த ஆட்டத்தில் தோற்பார், நடுவில் முகமூடி இல்லாமல் சோடா விற்பார். அதே முழங்கால் தழும்பு, அதே நடை. ஒருவருக்கும் தெரியவில்லை. சோடாவில் காரம் பத்தவில்லை என்று மட்டும் அவரிடம் சண்டை போடுவார்கள்.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. சேரும்போது பழனி அடிவாரத்தில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவார்கள். ஆட்டத்தின் முடிவு காலையிலேயே பேசி வைக்கப்படுகிறது என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது. கோதாவில் பகையாளியாக இருக்கிறவர்கள் வெளியே ஒன்றாகத் தென்படக்கூடாது. ஒரே டீக்கடை கிடையாது, ஒரே வண்டி கிடையாது, ஒரே பந்தி அறவே கிடையாது. அதனால் சிங்கம் காரில் மலையேறுவார். கொலைகாரர் என்னோடு லாரியில், சுருட்டிய மெத்தை மேல்.

அந்த வருஷம் சீசனுக்கு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நான் காலை ஊன்றி ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தேன்.

"ஏலே, பிரேக்கு டிரைவர்கிட்ட இருக்கு. நீ ஏன் மெத்தையைப் போட்டு மிதிக்கிறே?"

"பயமா இருக்குண்ணே."

"எனக்கும் பயமாத்தான் கெடக்கு. லாரிக்கு இல்லே." மெத்தையில் சாய்ந்துகொண்டு சொன்னார். "மூத்தவளுக்கு மன்னவனூர்ல ஒரு இடம் அமைஞ்சிருக்கு. என் வீட்டுக்காரிக்குத் தூரத்துச் சொந்தம். பூண்டும் கிழங்கும் போடுற குடும்பம். பொண்ணு பார்த்துட்டாக, பிடிச்சிருச்சு. நான் என்ன சோலி பாக்குறேன்னு கேட்டாக. கம்பெனியிலேன்னு சொல்லி வச்சேன். எவனோ குஸ்தி கம்பெனின்னு போட்டுக் குடுத்துட்டான். ஞாயித்துக்கெழம சந்தைக்கு வாறாகளாம், அப்பிடியே ஆட்டத்தையும் பாத்துட்டுத்தான் பதில் சொல்வாகளாம்."

"வரட்டுமேண்ணே."

"வந்து என்னத்தப் பாப்பாக? பொண்ணோட அப்பன் குப்புறக் கெடக்குறதையா? அந்த ஒருநாள் மட்டும் சமம்னு முடிச்சுக் குடுக்கச் சொல்லி முதலாளிகிட்டக் கேக்கப்போறேன்."

செண்பகனூரில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரர் அண்ணனை அடையாளம் கண்டுகொண்டு கிளாஸை ஓங்கி வைத்தார். "போன வருசம் சிங்கத்தோட கண்ணுல மண்ணத் தூவுனவன்தானே நீயி? ஒனக்கெல்லாம் சக்கர போட்டுக் குடுக்கணுமா?" சட்டப்படி அண்ணன் முறைத்துவிட்டுச் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்தார். தூவினது மண் இல்லை, முகப்பவுடர். சிங்கம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று தூவினது. கடைக்காரருக்கு அதை எப்படிச் சொல்ல?

முதலாளி முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். சிங்கம்தான் குதித்தார்.

"சமமா? இந்தாளுகூடயா? என் பேரு என்னத்துக்கு ஆகும்?"

"ஒருநாள்தானப்பா. அவரு மக கல்யாண விசயம்."

"அப்ப சீசன் முடியிற மட்டும் எனக்குத் தெனம் எண்ணெய் தேச்சு முதுகு பிடிச்சு விடணும்."

அதற்கு முன்பும் அண்ணன் அதைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தார். சிங்கத்துக்கு அதுகூட நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மூடுபனி இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கொடைக்கானலில் பகலிலேயே ஆட்டம் வைப்போம். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சந்தையை முடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் தோளில் கருப்புக் கம்பளி, அந்த அம்மாள் கையில் பூண்டு வாசம் வீசுகிற பை. அண்ணன் சொல்லி வைத்தபடி அவர்களைக் கோதாவுக்குப் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார வைத்தேன். அங்கேதான் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அண்ணன் அன்று ஆடிய ஆட்டம் மாதிரி நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. வழக்கமாகச் சிங்கத்தைப் பெரியவராகக் காட்டுவதற்குச் செலவழிக்கிற திறமையை எல்லாம் அன்று தனக்கென்று எடுத்துக்கொண்டார். கயிற்றில் மோதித் திரும்பி வந்து பாய்ந்தார். சிங்கத்தின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக் கோதாவைச் சுற்றி இழுத்து வந்தார். ஒரு அடிகூட உண்மையில் படவில்லை. பட்டது மாதிரி சத்தம் மட்டும் வந்தது. கம்பளிக்குல்லாக்காரர்கள் கொல்லு, கொல்லு என்று சிங்கத்தைப் பார்த்துக் கத்தினார்கள். சிங்கத்துக்கு மூச்சு விடவே நேரமில்லை.

எனக்கு முடிச்சைப் பற்றிய கவலை ஒரு பக்கம். அதற்கு நடுவில்தான் பெஞ்சிலிருந்து அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"இந்தாளு வீட்டுலயா பொண்ணு எடுக்கப்போறோம்?" என்றார் அந்த அம்மாள்.

"சும்மா இரு."

"எப்பிடிச் சும்மா இருக்கிறது? கழுத்த நெரிக்கிறாரு பாருங்க. நாளைக்கு வீட்டுல ஒரு வாய்ப்பேச்சு வந்துச்சுன்னா மலையேறி வந்து நம்ம கழுத்தையும் இப்பிடித்தான் நெரிப்பாரு. எம்மகன் வெடவெடன்னு இருக்கான்யா."

"எனக்கும் அதேன் யோசனையா இருக்கு. வெரசாக் கெளம்பிருவமா?"

தோற்றால் கேவலமாக நினைப்பார்கள் என்று அண்ணன் பயந்தார். அவர்களோ அவர் ஜெயித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதரைப் பற்றி இத்தனை பேர் இத்தனை தப்பாகக் கணக்குப் போட முடியும் என்பது எனக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் அதுதானே பிழைப்பு.

முதல் சுற்று முடிந்து அண்ணன் மூலைக்கு வந்தார். தண்ணீர்ச் செம்பை நீட்டுகிற சாக்கில் சொன்னேன். "அண்ணே, அவுக பயப்படுறாக. கெளம்பப்போறாக."

"எதுக்கு?"

"ஒங்களப் பாத்துத்தாண்ணே. அடிதடி ஆளுன்னு நெனைக்கிறாக. தோத்துருங்க."

அண்ணன் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே பெஞ்சைப் பார்த்தார். அந்த அம்மாள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தார். அண்ணன் முகத்தில் மைக்குக் கீழே என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவருக்கென்று கிடைத்த ஒரு மத்தியானம் அது. தண்ணீரைத் துப்பிவிட்டுத் திரும்பிப் போனார்.

போனவர் சிங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னது எனக்குக் கேட்டது. "தூக்கு."

சிங்கம் விழித்தார். "சமம்னுல்ல பேசுனோம்?"

"கைய இடுப்புல வையி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

ஜெயிப்பதைக்கூட அந்தச் சிங்கத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கை இடுப்பில் பட்டதோ இல்லையோ, அண்ணன் எழும்பினார். சிங்கத்தின் முழங்கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது; தோளை அமுக்கி அதையும் அண்ணனே நிறுத்தினார். ஒரு கணம் மேலே கிடந்தார். பிறகு விழுந்தார். பலகை, மெத்தை, கம்பம் எல்லாம் அதிர்ந்தன. கையைக் காலைப் பரப்பி, வாயைப் பிளந்துகொண்டு, பார்க்கிறவர்கள் பரிதாபப்படுகிற மாதிரி அசையாமல் கிடந்தார். கூடாரமே எழுந்து நின்று கூவியது. சிங்கம் தொடையைத் தட்டினார்.

நான் பெஞ்சைப் பார்த்தேன். அந்த அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ பாவம்" என்றார்.

ஆட்டம் கலைந்ததும் லாரிக்குப் பின்னால் வந்தார்கள். அண்ணன் மையைத் துடைத்துவிட்டு வேட்டி கட்டியிருந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார். நிஜமாகவே வலித்ததா, அதுவும் ஆட்டமா என்று எனக்கே நிச்சயமில்லை.

"ரொம்ப வலிக்குதாங்கண்ணே?" என்று அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு கை மலைப்பூண்டை அள்ளிக் கொடுத்தார். "நல்லெண்ணெயில காச்சித் தேயுங்க."

மாப்பிள்ளையின் அப்பா கம்பளியைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "மனசுல உள்ளதச் சொல்லிர்றேன். முரட்டு ஆளா இருந்தா என்ன செய்யிறதுன்னு எங்களுக்கு ஒரே யோசனை. இப்பத்தான் நிம்மதியாச்சு. உங்களால ஒரு ஆளச் சமாளிக்க முடியலேல்ல."

அண்ணன் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானாகத்தான் மேலே எழும்பினேன் என்று சொன்னால் போதும். அந்தத் தடியனை ஒற்றைக் கையால் மடக்கியிருப்பேன் என்று சொன்னால் போதும். சத்தியமும் குறுக்கே நின்றது, மகளும் குறுக்கே நின்றாள்.

"ஆமாங்க" என்றார். "அவரு பலசாலி."

"அதேன் பாத்தோமே. சரி சம்பந்தி, ஆவணியில வச்சுக்கிருவோம்."

லாரியில் கான்வாஸைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "முதல் சுத்துல எப்பிடிறா இருந்துச்சு?" பலகைகளில் ஒன்று விரிசல் விட்டிருக்குமோ என்ற கவலையில் குனிந்திருந்தேன். நிமிர்ந்து, "யாரும் அப்பிடி ஆட முடியாதுண்ணே" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த கைதட்டல். கூட்டத்துக்கு அவர் விழுவதற்கு முன்பு நடந்ததெல்லாம் மறந்தே போயிருந்தது.

கல்யாணம் பழனி அடிவாரத்துச் சத்திரத்தில். மாப்பிள்ளை வீட்டார், சிங்கத்தைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தால் கௌரவமாக இருக்கும் என்று சொல்லியனுப்பினார்கள். சிங்கம் அதற்காகவே பட்டு ஜிப்பா தைத்து வைத்திருந்தார். தாலி எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள் என்றுகூட எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

அண்ணன் முதலாளியிடம் மிகுந்த மரியாதையோடு பேசினார். "பகையாளிங்க ஒரே பந்தியில உக்காரக் கூடாதுன்னு கற்பூரம் அணைச்சிருக்கோமுங்க. ஊரு பூரா பக்தருங்க, நம்ம ஆட்டம் பாத்த சனம். நான் சட்டத்த மீறலாமுங்களா?"

முதலாளி ஒத்துக்கொண்டார். சிங்கம் மீசையை முறுக்கினார்; சட்டம் அதற்கு மசியவில்லை. பட்டு ஜிப்பாவோடு லாட்ஜ் அறையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மகள் கல்யாணத்தில் என் கவலையெல்லாம் பந்தல்காரன் கட்டின முடிச்சுகளைப் பற்றித்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, சிங்கத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. அடுக்குக் கேரியரைத் திறந்து வைத்தேன். சாம்பாரில் கையை வைப்பதற்கு முன்பே கேட்டார்.

"பந்தியில என்னையப் பத்திப் பேசுனாகளா?"

"இல்லீங்க" என்றேன். "பாயசத்தப் பத்திப் பேசுனாக."