நாற்பத்தொன்றாம் கல்

அந்தக் கல்வாசலை ஒட்டிக் கட்டியிருந்த சாரத்தில் ஏறியபோது என்னிடம் இருந்தவை: அளவு நாடா, தூக்குக்குண்டு, நீளக் கயிறு, வரைபலகை, தூரிகை, கொட்டாங்கச்சி நிறையச் செங்காவி. பயம் அப்போது இல்லை. அது மறுநாள் வந்தது.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் கொட்டகைகள் சூழ்ந்த ஊர் அது. பழைய தாலுகா கச்சேரிக் கட்டடத்தின் இரண்டு அறைகளில் ஒரு காட்சிசாலை நடந்தது. துருப்பிடித்த வாள்கள், மூக்குடைந்த சிலைகள், பஞ்சடைத்த ஒரு முதலை. அதை நடத்திய கமிட்டி அதைப் பெரிதாக்க முடிவு செய்தபோது, நவாப் காலத்துக் கல்வாசல் குறுக்கே நின்றது. கல் கல்லாகப் பிரித்து, புதுக்கூடத்துக்குள் பழையபடி நிறுத்திப் பாதுகாப்போம் என்றது கமிட்டி. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றது தெரு.

“எங்கள்ல மவுத்தானவங்கள இந்த வாசல் வழியாத்தான் கபரஸ்தானுக்கு அடக்கம் பண்ணத் தூக்கினு போறோம். உள்ள கொண்டுபோய் வெச்சிட்டா, டிக்கெட்டு வாங்கினா போறது?” என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டாராம்.

நான் எந்தப் பக்கமும் இல்லை. சென்னையில் கட்டட வரைபடப் பரீட்சை தேறியிருந்தேன். ஓவர்சியரான அப்பாவுக்கு முழங்கால் வீங்கி ஏற முடியாமல் போகவே, அவர் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண், அதே எண் படத்திலும். அப்போதுதான் பிரித்ததைத் திரும்பச் சேர்க்க முடியும்.

வாசலின் இடப்பக்கத் தூணோடு ஒட்டி ஒரு சிறு வீடு. அதைக் கமிட்டி கணக்கிலேயே எடுக்கவில்லை. பிள்ளை பெற்றுச் சில நாள்களே ஆன ஒருத்தி அங்கே குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாக்கா, செத்த காலேஜுக்கா வரையறீங்க?”

பட்டணத்துக் காட்சிசாலைக்கு அங்குள்ள ஜனங்கள் வைத்த பெயர் இங்கேயும் வந்துவிட்டது.

“ஆமாம்” என்றேன்.

“என்னையும் வரைஞ்சு முதலைக்குப் பக்கத்துல வெச்சிடுங்க. அதுக்கும் பேச்சுத்தொணை வேணுமில்ல?”

சிரித்தபடி, அவள் கதவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த வாசற்கல்லில் நாற்பத்தொன்று என்று எழுதினேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை உச்சிக்கல்லை அளந்துகொண்டிருந்தேன். கொட்டகைகளிலிருந்து தோல் சீவும் சத்தம் கேட்கவில்லை என்பது மெல்ல உறைத்தது. குனிந்து பார்த்தேன். ஏணி இல்லை. கீழே ஆண்கள் கூட்டம். முன்னால் நின்றவர் அந்தப் பெண்ணின் புருஷன். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், தோல் சீவும் கத்தி கையிலேயே இருந்தது.

“எறங்காதம்மா. அங்கியே நில்லு.”

பலகையின் அகலம், முடிச்சுகள், தரையின் ஆழம் என்று மனம் வரிசை போடப் பார்த்தது. ஆழத்தோடு நின்றுவிட்டது.

“என் வூட்டு மேல எதுக்கு நம்பரு போட்டே?”

“அது கல்லுக்குப் போட்டது, பாய்.”

“கல்லுக்கு எதுக்கு நம்பரு? நான் சின்னப்புள்ளையா இருக்கச்சே எங்க வூட்லயும் இப்டித்தான் செவப்புல எழுதினாங்க. பிளேக்குன்னாங்க. வண்டி வந்துச்சு. எங்கம்மாவ ஊருக்கு வெளிய இருந்த பிளேக்கு காம்புக்குக் கூட்டினு போனாங்க. திரும்பி வர்ல.”

“செத்த காலேஜுல எலும்பு கம்மியாம், அதான் ஆள் எடுக்கறாங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

“நேத்து நீ எழுதினே. இன்னிக்கு அவளுக்கு ஒடம்பு அனலா கொதிக்குது. தெரிஞ்சுதானே எழுதினே?”

“அவங்க எங்கே?”

“கேக்காதே. பட்டைக் கொட்டாயில ஒளிச்சு வெச்சிருக்கேன். டாக்டரு கண்ல படவுட மாட்டேன்.”

என் சித்தி பிள்ளை பெற்ற பின் வந்த காய்ச்சலில்தான் போனாள். தோல் பதனிடும் ஈரப் பட்டைக் குவியலுக்கு நடுவே அந்தப் பெண்ணை நினைத்ததும், விழுந்துவிடுவேன் என்ற பயத்துக்கு மேல் இன்னொரு பயம் ஏறியது.

கயிற்றைக் கீழே விட்டேன். “ஒரு வாளித் தண்ணியும் துணியும் கட்டி அனுப்புங்க. அழிச்சிடறேன். நீங்க உடனே அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.”

“எல்லாத்தையும் அழிப்பியா?”

“எல்லாத்தையும்.”

அவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு வாளி வந்தது. நாற்பத்தொன்றிலிருந்து ஆரம்பித்தேன். செந்நீர் அவள் வாசற்படியில் சொட்டியது. கடைசி எண்ணும் போனதும் ஏணியைச் சாத்தி அவரே பிடித்துக்கொண்டார். நான் இறங்கினேன்.

“ஆஸ்பத்திரிக்கு நீயும் வா. காம்புன்னு எவனாச்சும் சொன்னா, அது கல்லு நம்பருன்னு நீதான் சொல்லணும்.”

மாட்டுவண்டியில் அவள் தலை என் மடியில் கிடந்தது. குழந்தையை அவள் புருஷன் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் கண் திறந்தாள்.

“அக்கா, முதலைகிட்ட எடம் புடிச்சிட்டீங்களா?”

“அங்கே இடமில்லை. பேசாமல் படு.”

பால் கட்டிக்கொண்ட காய்ச்சல் என்றார் டாக்டரம்மா. நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எண்கள் எங்கே என்று கமிட்டி கேட்டது. எண் எதற்கென்று தெருவில் வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்தால் மறுபடி எழுதுகிறேன் என்றேன். யாரும் போகவில்லை. கூடம் கடைசியில் வாசலைத் தொடாமல் பின்பக்கத்துக் காலி மனையில் எழும்பியது. அதற்கு வேறு ஆள் வைத்துப் படம் வரைந்தார்கள்.

பிறகொரு நாள் அந்த வழியாகப் போனேன். வாசலில் மற்றக் கற்கள் எல்லாம் பழைய நிறம். அவள் கதவுக்கு மேலிருந்த கல்லுக்கு மட்டும் கனமாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அதற்கு அடியில், நான் முதலில் அவசரமாய் அழித்ததில் போகாத சிவப்பு இன்னும் லேசாகத் தெரிந்தது.